பழைய லேப்டாப்பில் டெபியன்: வைஃபை சிப்பைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடைக்கணக்கு எழுத ஒரு லேப்டாப், ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸில் கூலிப் பட்டியல் போட ஒன்று. இரண்டும் 2014 வாக்கில் வாங்கியவை. நான்காம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் டெபியன். 2023 ஜூனில் அதன் 12ஆம் பதிப்பு வந்ததும் இரண்டிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு அதைப் போட்டோம். அன்றிலிருந்து தினமும் ஓடுகின்றன. வேகம், திரை, ஒலி எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வைஃபை சிப்தான் வேறு: மலையில் இருப்பதில் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ, கடையில் இருப்பதில் பிராட்காம் பிசிஎம்43142. அதனால் மலையில் இருப்பது பெரிய தொந்தரவு தரவில்லை, கடையில் இருப்பது திரும்பத் திரும்ப உட்கார வைத்தது.

முதலில் ஃபர்ம்வேர் வேறு, டிரைவர் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிரைவர், கர்னலுக்குள் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஓடுவது. ஃபர்ம்வேர், சிப்புக்குள் ஏற்றப்படும் ஒரு சிறு கோப்பு. பெரும்பாலும் கம்பெனி மூலநிரலைத் தராது, கோப்பை மட்டும் தரும். டெபியன் 11 வரை அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் இந்தக் கோப்புகள் கிடையாது. இன்னொரு பென்டிரைவில் தனியாக எடுத்து வர வேண்டும், இல்லையென்றால் அதிகாரபூர்வமற்ற இமேஜை (பென்டிரைவில் எழுதும் இன்ஸ்டாலர் கோப்பு) தேட வேண்டும். 2022ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 12லிருந்து ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று தனிப் பிரிவே வந்தது, கோப்புகளும் இன்ஸ்டாலருக்குள்ளேயே வந்துவிட்டன.

ஆர்டிஎல்8723பிஇக்கு டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் கோப்பு மட்டும்தான் குறை. இன்ஸ்டாலர் அதைத் தானாகவே எடுத்துப் போட்டு, நிறுவல் முடியும்போது ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜையும் சேர்த்துவிடும். பிசிஎம்43142 கதை வேறு. அதற்குக் கர்னலில் டிரைவரே இல்லை. பிராட்காமின் ‘டபிள்யூஎல்’ டிரைவர் வேண்டும், அது பழைய ‘நான்-ஃப்ரீ’ பிரிவில் இருக்கிறது. இன்ஸ்டாலருக்குள் வராது, இது இல்லை என்று எச்சரிக்கவும் செய்யாது. நெட்வொர்க் பட்டியலில் வைஃபை என்ற ஒன்றே தெரியாது. பலரும் லேப்டாப் பழுது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே எதையும் அழிப்பதற்கு முன்னால், விண்டோஸ் இருந்தால் டிவைஸ் மேனேஜரில், இல்லையென்றால் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையில் சிப்பின் பெயரைப் பாருங்கள். 2011லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தந்த லேப்டாப்கள் நம் ஊரில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. மேலே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருக்கும் சிப் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதெரோஸ் ஏஆர்9485 போன்ற, ‘ஏடிஎச்9கே’ டிரைவரில் ஓடும் வகை என்றால் வைஃபைக்கு ஃபர்ம்வேரே தேவையில்லை, யோசிக்காமல் போடலாம். இன்டெல் என்றால் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை இன்ஸ்டாலரிலேயே உண்டு. ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ள மாடல்களில் பழைய இன்ஸ்டாலரால் போட்டு ஃபர்ம்வேர் விட்டுப்போயிருந்தால் திரை கறுப்பாகவே நிற்கும். கிரப்பில் (லேப்டாப் தொடங்கும்போது வரும் பூட் மெனு) ‘நோமோட்செட்’ சேர்த்து பூட் செய்து, ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ் போட்டால் சரியாகும்.

நெட் வசதிக்கு ஏற்ப இமேஜைத் தேர்ந்தெடுங்கள். சேலத்தில் பிராட்பேண்ட் இருந்தால், மீதியை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும் சிறிய நெட்இன்ஸ்ட் இமேஜ் போதும், 2 ஜிபி பென்டிரைவில் அடங்கும். ஏற்காட்டில் மூடுபனி நாளில் டவர் சிக்னலை நம்பி டெஸ்க்டாப் முழுவதையும் இறக்க உட்காராதீர்கள். மலை ஏறும் முன் கீழேயே முதல் டிவிடி இமேஜை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, கையோடு கொண்டு போங்கள். விண்டோஸில் ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்டிரைவில் எழுதும்போது ‘டிடி இமேஜ் மோட்’ தேர்ந்தெடுக்க வேண்டும். டிவிடி வழியில் போட்டவர்கள், பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் ‘சோர்ஸஸ் லிஸ்ட்’ கோப்பில் ‘சிடிராம்’ என்று தொடங்கும் வரியை # போட்டு முடக்க மறந்தால், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் டிஸ்க்கைச் செருகச் சொல்லிக் கேட்கும்.

பிராட்காம் லேப்டாப்புக்கு லேன் ஒயர் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனே வழி. டேட்டா கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்ய வேண்டும். இன்ஸ்டாலர் ‘நெட்வொர்க் ஹார்டுவேர்’ தேடும் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே இது நடந்திருக்க வேண்டும். தாண்டிவிட்டால் மெனுவில் பின்னால் போய் மறுபடி தேட விடுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் இங்கே காலை வாரும்.

நிறுவி முடிந்ததும் சோர்ஸஸில் ‘கான்ட்ரிப்’, ‘நான்-ஃப்ரீ’ இரண்டையும் சேர்த்து, லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64, பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் இரண்டையும் போட்டு ரீபூட் செய்ய வேண்டும். டிரைவர் நம் லேப்டாப்பிலேயே அதன் கர்னலுக்கு ஏற்ப உருவாகும், அதற்கு ஹெட்டர்ஸ் கோப்புகள் தேவை. ஹெட்டர்ஸ் இல்லாமல் இரண்டாவதை மட்டும் போட்டால் எல்லாம் முடிந்ததுபோல் தெரியும், டிரைவர் மட்டும் உருவாகியிருக்காது. செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்தே ஏற்றும் பயாஸ் பாதுகாப்பு) ஆனில் இருந்தால் உருவான டிரைவரையும் கர்னல் ஏற்காது, ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று திருப்பி அனுப்பும். பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பது சுலபம். அணைக்க மனமில்லாதவர்கள் ‘மோகுட்டில்’ கட்டளை வழியாக அந்த டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யலாம்.

கடை லேப்டாப்பில் இவ்வளவும் சரியாக நடந்தது. பிறகு ஒரு முறை பேக்போர்ட்ஸிலிருந்து (புதிய பதிப்புகளைத் தரும் டெபியன் பிரிவு) புதிய கர்னல் போட்டபோது டிரைவர் உருவாகாமல் நின்று, வைஃபை மறைந்தது. கிரப்பில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் உடனே திரும்பி வந்தது. கர்னல் மாற மாற இந்த டிரைவரைத் திருத்தி ஓட்டுவது டெபியன் பராமரிப்பாளர்களின் உழைப்பு. பிராட்காம் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கடைசியில் கார்டையே மாற்றினோம்: 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு பேண்டும் எடுக்கும் அதெரோஸ் ஏஆர்9462, அரை அளவு மினி பிசிஐஇ ஸ்லாட்டில் பொருந்தும் கார்டு.

மாற்றுவதற்கு முன் இரண்டு விஷயம். சில லேப்டாப்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆக மறுக்கும். அந்த மாடலுக்கு வேறு கார்டு ஏற்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். 2014க்குப் பிந்தைய சிலவற்றில் ஸ்லாட்டே எம்.2 வகை, மினி பிசிஐஇ கார்டு அதில் பொருந்தாது. பின்மூடியைத் திறந்தால் கார்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் இருக்கும். முனையில் அரிசி அளவுகூட இல்லாத வட்ட உலோகம். நேர் மேலே வைத்து நகத்தால் அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நடு ஊசி வளைந்து கார்டு வீணாகும். கார்டு மாற்றியதிலிருந்து கர்னல் அப்டேட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. திறக்கத் தயங்குபவர்கள் ஏஆர்9271 சிப் உள்ள யுஎஸ்பி வைஃபை வாங்கலாம். அதன் ஃபர்ம்வேர் திறந்த மூலம், டெபியனின் முதன்மைப் பிரிவிலேயே இருக்கிறது.

மலை லேப்டாப்பில் வந்த ஒரே குறை சிக்னல். ரவுட்டர் இருக்கும் மேஜையில் நான்கு கோடு, அடுத்த அறையில் ஒன்று. ஆர்டிஎல்8723பிஇ பொருத்திய பல லேப்டாப்களில் ஒரே ஆன்டெனாதான் இணைக்கப்பட்டிருக்கும், டிரைவர் மற்ற முனையில் கேட்டுக்கொண்டிருக்கும். ‘மோட்ப்ரோப்.டி’ ஃபோல்டரில் ஒரு கோப்பு தொடங்கி ‘ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2’ என்று (ஆங்கில எழுத்தில்) ஒரே வரி எழுதி ரீபூட் செய்ய வேண்டும். முன்னேற்றம் இல்லையென்றால் 2க்குப் பதில் 1. இங்கே 2 வேலை செய்தது. அடிக்கடி துண்டிக்கப்பட்டால் அதே வரியில் ‘எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0’ சேருங்கள், மின்சேமிப்பு நிற்கும். வைஃபை வழியாகவே நிறுவியவர்களுக்கு டெஸ்க்டாப்பில் ‘டிவைஸ் நாட் மேனேஜ்டு’ என்று வந்தால், ‘நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் வைஃபை பெயரோடு இருக்கும் வரிகளை நீக்கினால் போதும்.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடாமல் இந்த லேப்டாப்களைப் பற்றிக் கருத்துச் சொல்வது நியாயமில்லை, அவ்வளவு வித்தியாசம். சேலத்துச் சித்திரை வெயிலில் ஃபேன் தூசியைத் துடைத்து, சிபியு மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதும் அப்படித்தான். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் பேக்கேஜைப் போட்டுத் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் நிறைவாக இருக்கிறது.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. அதில் 32 பிட் மெஷின்களுக்கு இன்ஸ்டாலர் இல்லை, பழைய ஆட்டம் நெட்புக்குகள் 12லேயே நிற்க வேண்டியதுதான். 64 பிட்டில் சோர்ஸஸில் ‘புக்வோர்ம்’ (12இன் பெயர்) இருக்கும் இடமெல்லாம் ‘ட்ரிக்ஸி’ (13இன் பெயர்) என்று மாற்றி, முழு அப்கிரேட் கொடுத்தோம், இரண்டிலும் தடங்கல் இல்லை. 11லிருந்து ஏறி வந்தவர்கள் மட்டும் அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து, வரியின் கடைசியில் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘நான்-ஃப்ரீ’ மட்டும் இருந்தால் ஃபர்ம்வேர் பழையதிலேயே நின்றுபோயிருக்கும்.