தொட்டபல்லாபுரமா, சன்னபட்டணாவா, நாசிக்கா? வேலூரிலிருந்து ஒயின் சுவைக்கக் கிளம்பும் இருவருக்கு

வேலூரில் ஒயின் என்றால் டாஸ்மாக் கடையின் மூலை அலமாரிதான். இது எந்தத் திராட்சை, எந்த ஆண்டு அறுவடை என்று அங்கே கேட்டுப் பாருங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்து, எப்படிச் செய்தது என்று சொல்லி, பிடித்தால் வாங்குங்கள் என்று விட்டுவிடுகிற டேஸ்டிங் ரூம் வேண்டுமானால் மேற்கே போக வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குத் தோதான இடங்கள் மூன்று: நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபல்லாபுரம், பெங்களூரு–மைசூரு சாலையில் சன்னபட்டணா, மகாராஷ்டிரத்தில் நாசிக்.

இதற்குத் தனியாகப் போவது வீண். ஒரே கிண்ணத்தை இரண்டு மூக்கு முகர்ந்தால்தான் பேச்சு வளரும். என்னோடு வருகிறவர் ஆம்பூரில் தோல் தரம் பார்க்கும் வேலையில் இருக்கும் நண்பர். தொழிலால் அவருக்கு மூக்கும் விரலும் கூர்மை. குடிப்பதோ மிகக் குறைவு. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

தொட்டபல்லாபுரத்தில் இருப்பது குரோவர் ஜாம்பா. கன்வல் குரோவர் 1988இல் தொடங்கிய ஒயின் நிறுவனம். பிரெஞ்சுத் திராட்சை வகைகளை இந்த மண்ணில் நட்டு, மிஷேல் ரோலான் என்ற பிரெஞ்சு நிபுணரை ஆலோசகராக வைத்து வளர்ந்தது. 2012இல் நாசிக்கின் ஜாம்பா ஒயின் நிறுவனத்தோடு இணைந்தது. சுற்றிலும் பெங்களூரு புளூ திராட்சை விளையும் பகுதி இது. ஆனால் அந்தத் திராட்சை ஜூஸுக்கும் தித்திப்பு ஒயினுக்கும்தான் போகும். இங்கே ஊற்றுவது கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் போன்ற பிரெஞ்சு வகைகளில் செய்த ஒயின். முன்பதிவு செய்துகொண்டு போனால் எவர்சில்வர் தொட்டிகளையும் ஓக் பீப்பாய்களையும் காட்டிவிட்டுத்தான் மேசைக்கு அழைத்துப் போகிறார்கள். நுரைக்கும் ஒயினும் வெள்ளையும் முதலில், ரோஸே எனும் இளஞ்சிவப்பு நடுவில், சிவப்பு கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் சிவப்பின் துவர்ப்பு நாக்கில் தங்கி, பின்னால் வரும் வெள்ளை ஒயின் வெறும் புளிப்புத் தண்ணீராகிவிடும்.

லா ரிசர்வ் என்ற சிவப்பு ஒயின் வந்தபோது நண்பர் கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து, நாக்கை மேல் ஈற்றில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது குரோம் தோல் இல்லை, பட்டை போட்ட தோல்” என்றார். பரிமாறியவர் சிரித்தார், நண்பர் சிரிக்கவில்லை, அவர் சொன்னது கணக்கான பேச்சு. குரோம் உப்பு வருவதற்கு முன், ஆவாரம்பட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்துதான் நம் பக்கத்தில் தோலைப் பதப்படுத்தியது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஓக் மரத்திலிருந்தும் ஒயினில் இறங்குவதும் டானின்தான். பதனிடாத ஆட்டு, மாட்டுத் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குவதுபோல, வாயில் அது எச்சிலின் புரதத்தைப் பிடிக்கிறது. அதனால்தான் ஈறு வறண்டு இழுக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு சிவப்பு ஒயினையும் தோல் தரம் பிரிப்பதைப்போலப் பிரித்து வைத்தார். ஆற அமரச் சுவைத்துப் பேசத் தோதாக இருந்ததால் என் முதல் ஓட்டு தொட்டபல்லாபுரத்துக்கு.

அங்கே போகப் பெங்களூரு நெரிசலில் மாட்டவும் தேவையில்லை. சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி என்று ஓரமாகவே போய்விடலாம்.

சன்னபட்டணாவின் குணம் வேறு. ஹெரிடேஜ் என்ற பெயரில் இருந்த ஒயின் ஆலையை 2017இல் நாசிக்கின் சுலா ஒயின் நிறுவனம் வாங்கியது. இப்போது அது டொமைன் சுலா. எனக்கு இது பாடம் கேட்கும் இடத்தைவிட உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசும் இடமாகத்தான் தெரிகிறது. கூட வருபவருக்கு ஒயினில் அவ்வளவு நாட்டம் இல்லையென்றால் யோசிக்காமல் இங்கே போகலாம். வெப்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய பொம்மைகள் வாங்கலாம், இன்னும் கொஞ்சம் போனால் மத்தூர் வடை. காரில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023இல் திறந்த விரைவுச்சாலை ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. முன்கூட்டியே சர்வீஸ் சாலையில் இறங்காவிட்டால் ஊரைத் தாண்டிப் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

காரில் ஓசூர் வழியாகப் போனால் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளிதான் ராஜாஜி பிறந்த ஊர். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1939இல் நம் வடஆர்க்காட்டுக்கும் கொண்டுவந்தவர் அவர். அவர் ஊரைத் தாண்டித்தான் நாம் ஒயின் சுவைக்கப் போகிறோம்.

நாசிக்கை இவற்றோடு ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. இந்தியாவின் ஒயின் தலைநகர் அது. ராஜீவ் சாமந்த் தொடங்கிய சுலா 2005இல் அங்கே டேஸ்டிங் ரூம் திறந்த பிறகுதான் இந்தப் பழக்கமே நாட்டில் பரவியது. பக்கத்திலேயே யார்க் என்ற இன்னொரு ஒயின் ஆலை இருக்கிறது. 2021இல் அதையும் சுலாவே வாங்கிவிட்டாலும் ஒயின்கள் தனி முத்திரையோடுதான் வருகின்றன. கங்காபூர் அணை நீரைப் பார்த்தபடி ஒரு கூடத்தில் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைக் குடித்து, அந்தச் சுவை மறப்பதற்குள் அடுத்த கூடத்தில் அதே திராட்சையைக் குடித்துப் பார்க்கலாம். கர்நாடகத்தில் இந்த வசதி இல்லை. நாசிக்கின் இன்னொரு வெள்ளை ஒயினான சாவிஞோன் பிளாங்க்கில் குடைமிளகாய் வாசனை வருகிறது என்று நான் சொல்ல, நண்பர் கொய்யாக்காய் என்று சாதிக்க, வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் போக வர நாளும் பணமும் ஆகும். மூன்று நாளாவது ஒதுக்க முடியாதவர்கள் அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். போவதானால் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் போக வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்த கொடியில் அப்போதுதான் அறுவடை. மழைக்காலத்தில் தோட்டம் பச்சையாக இருக்கும், திராட்சை இருக்காது.

தூரத்தையும் சுவையையும்விடப் பெரிய கேள்வி, வண்டியை யார் ஓட்டுவது என்பது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சத்து இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு பாயும். சிறிய கிண்ணம்தானே என்று ஆறு வகையைக் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. மேசையில் துப்புவதற்கென்று பாத்திரம் இருக்கும். காசு கொடுத்ததைத் துப்ப நம் ஆட்களுக்கு மனம் வராது. இருவர் காரில் போனால் ஒருவர் வேடிக்கை பார்க்கத்தான் போகிறார், போன காரியம் பாதி கெட்டது.

இந்தக் கணக்கில் சன்னபட்டணா முந்துகிறது. காட்பாடியில் ரயிலேறி பெங்களூரு, அங்கிருந்து மைசூரு தடத்தில் இன்னொரு ரயில், சன்னபட்டணாவில் இறங்கி ஆட்டோ. தொட்டபல்லாபுரத்துக்கு ஓட்டுநரோடு வாடகைக் கார் வேண்டும், செலவு கூடும். எங்கள் ஏற்பாடு, பெங்களூருவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை வாடகைக் காரில் தொட்டபல்லாபுரம். காலையில் நாக்கு சுத்தமாக இருக்கும், காபியை மட்டும் தள்ளிப்போட வேண்டும்.

பாட்டில் வாங்கி வரும் ஆசை எல்லோருக்கும் வரும். மாநில எல்லையைத் தாண்டியதும் அது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது; 1937ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஓசூரிலோ சித்தூர் சாலையிலோ நின்று பில்லைக் காட்டி வாதாடுவதைவிட, வாங்கியதைப் பெங்களூரு அறையிலேயே இரவுச் சாப்பாட்டோடு திறந்துவிடுவது மேல். பிரியாணி வரவழைப்பதாக இருந்தால் சிவப்பு வேண்டாம். டானினும் மிளகாயும் சேர்ந்தால் வாய் எரியும். நன்றாகக் குளிர்ந்த ஷெனின் பிளாங்க் போதும்.