செக்காலை மருந்துக்கடையும் கோடு போட்ட நோட்டும்

காரைக்குடி செக்காலைப் பகுதியில் மூன்று ஆண்டுகளாக நாங்கள் மருந்து வாங்கும் கடையைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் அங்கே தரும் தள்ளுபடி அன்று. ரசீது இயந்திரத்துக்கு அருகில் மருந்தாளுநர் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டுதான்.

இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிடத் தொடங்கிய என் தாயாருக்கு இரவெல்லாம் வறட்டு இருமல். இருமல் மருந்து கேட்டுப் போனபோது மருந்தாளுநர் புட்டியை எடுக்கவில்லை. "ஆச்சி, இந்த இருமல் பிரஷர் மாத்திரைக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா?" என்று கேட்டார். அந்த வகை மாத்திரையால் அப்படி இருமல் வருவதுண்டு என்று விளக்கி, மருத்துவரிடம் காட்டச் சீட்டு எழுதித் தந்தார். மருத்துவர் மாத்திரையை மாற்றினார்; சில வாரங்களில் இருமல் நின்றது. வயது, மாத்திரை தொடங்கிய நாள், இருமல் வந்த நாள் எல்லாம் அந்த நோட்டில் ஏறின.

மருந்துப் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கியது; 2011 முதல் காசியாபாத்தை மையமாகக் கொண்டு நடக்கிறது. மருந்தாளுநரும் அதற்குப் படிவம் அனுப்பலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். நோட்டில் இருப்பவை பெரும்பாலும் அந்தப் படிவம் கேட்கும் விவரங்களே. ஆனாலும் அவர் இதுவரை அனுப்பியவை இரண்டு மட்டுமே.

கடையில் முறையாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். கால் வீக்கம் என்று வந்த பெரியவரிடம், அந்த வீக்கத்தைத் தரக்கூடிய அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையின் அட்டையைப் பார்த்து அவர் எழுதத் தொடங்கியதும், பின்னால் நின்றவர் பாராசிட்டமால் கேட்க, அந்த வரி பாதியில் நின்றதை நானே பார்த்தேன். இரண்டாண்டு டிப்ளமோவில் மருந்து கொடுக்கக் கற்றதாகவும், இத்தகைய குறிப்புகளிலிருந்து ஆய்வுக்கான கேள்வியை வகுக்க யாரும் கற்றுத் தரவில்லை என்றும் சொன்னார். மருந்துச் சீட்டில் பெரும்பாலும் நோயின் பெயர் இருப்பதில்லை. மருத்துவர் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் உண்டு. முறையான ஆய்வென்றால், நோயாளிகளின் நலன் காக்கப்படுகிறதா என்று பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தனிக்கடைக்காரர் அதற்கு எந்தக் கல்லூரிக் கதவைத் தட்டுவார்? மருத்துவமனை ஒரு நோயாளியைச் சில நாள்கள் பார்க்கிறது. இவரோ அதே முகத்தை மாதந்தோறும், ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார். அந்த அறிவு நோட்டோடு முடங்கிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கடையின் குறை, தனியாகப் பேச இடமில்லாததும் மாலை ஆறு மணிக்கு மேல் நெரிசலும்தான். உரிமையாளர் இன்னொரு தகுதியுள்ள ஆளை அமர்த்தினால் இரண்டில் ஒன்றாவது தீரும். அதுவரை, போகிறவர்கள் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள், பழைய சீட்டுகளோடும் மாத்திரை அட்டைகளோடும் போங்கள். அப்போதுதான் அவருக்கு விசாரிக்கவும் எழுதவும் நேரம் கிடைக்கிறது.