கரையான் மருந்து: 250 லிட்டர் ஊற்ற வேண்டிய வீட்டில் 30 லிட்டர்

சென்னைப் புறநகரில் 1000 சதுர அடியில் ஒரு தரைத்தள வீடு. நிலைக்கதவில் கரையான் ஏறியதும் ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரெண்டு பேர் வந்து ட்ரில் போட்டு, மருந்து ஊற்றி, வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்து, மதியத்துக்குள் '5 வருட வாரண்டி' சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சில மாதங்களில் அதே நிலையில் மறுபடி மண் கோடு. போன் பண்ணினால், "வாரண்டி தரைக்குத்தான் சார், மரத்துக்கு இல்லை" என்று பதில்.

தரைக்கும் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதுதான் விஷயம். இந்தக் கரையானுக்குக் கூடு மண்ணுக்குள் இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடுக்கு வழியாகத்தான் மேலே வருகிறது. அந்த வழியில் இருக்கும் மண்ணை மருந்தால் நனைப்பதுதான் வேலை. ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பாகம் சொல்லும் முறை இதுதான்: சுவரோரமாக 300 மி.மீ.க்கு, அதாவது ஓரடிக்கு, ஒன்றாக 12 மி.மீ. ஓட்டை, ஓட்டைக்கு 1 லிட்டர் மருந்துக் கலவை.

கணக்குப் போடுங்கள். இந்த வீட்டில் உள்பக்கச் சுவரோரம் சுமார் 250 அடி. 250 ஓட்டை, 250 லிட்டர். வந்தவர்கள் போட்டது இரண்டரை அடிக்கு ஒன்றாக 100 ஓட்டை. கொண்டு வந்தது 15 லிட்டர் டேங்க், அதை நிரப்பியது ரெண்டு தடவை. ஓட்டைக்கு 300 மில்லி.

அந்த 300 மில்லியாவது மண்ணுக்குப் போனதா என்றால், அதுவும் இல்லை. அடைப்பை எடுத்துக் கம்பி விட்டால் 2 அங்குலத்தில் முட்டுகிறது. டைல்ஸ், அதன் கீழே சிமென்ட் கலவை, அதற்கும் கீழே 4 அங்குலக் கான்கிரீட், அப்புறம்தான் மண். 8 அங்குலத்துக்குக் குறைந்த ட்ரில் பிட் கொண்டு வந்தால் அப்போதே நிறுத்துங்கள். ட்ரில் மண்ணைத் தொட்டதும் பிட் சட்டென்று உள்ளே இறங்கும். சாம்பல் நிறத் தூள் மாறிச் செம்மண்ணோ களிமண்ணோ ஒட்டிக்கொண்டு வரும். மண்ணைத் தொட்ட ஓட்டை மருந்தை மெதுவாகக் குடிக்கும். தொடாத ஓட்டையில் ஊற்றியது உடனே பொங்கித் தரையில் வழியும். அதைத் துணியால் துடைத்துவிட்டு "ஃபுல் ஆயிடுச்சு சார்" என்பார்கள்.

அடுத்த ஏமாற்று மருந்திலேயே. இப்போது அதிகம் பயன்படுவது இமிடாகுளோப்ரிட் 30.5% எஸ்.சி. (நுண்துகளாகக் கலந்த திரவ மருந்து). அளவு, லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. 250 லிட்டருக்கு 525 மில்லி வேண்டும். 100 மில்லி பாட்டில் ஒன்றைக் காட்டி முழு வீட்டையும் முடிப்பவர் என்ன செய்கிறார் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். குளோர்பைரிஃபாஸ் 20% ஈ.சி. (தண்ணீரில் கலந்தால் பால் போலாகும் மருந்து) என்றால் 1 லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர், அதாவது 1 சதவீதக் கலவை. 'தண்ணீர் பால் மாதிரி வெளுத்ததே' என்று நம்பிவிடாதீர்கள், ஃபினாயிலும் அப்படித்தான் வெளுக்கும். வாடையை வைத்தும் எடை போட முடியாது. இமிடாகுளோப்ரிட்டுக்கு வாடையே கிடையாது என்று சொல்லலாம். மூக்கைத் துளைக்கிறது என்றால் உள்ளே மண்ணெண்ணெயோ வேறெதுவோ இருக்கிறது. கரையான் கண்ணெதிரே துடித்துச் சாக வேண்டும் என்று யாராவது டைகுளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் கொண்டு வந்தால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். 2020 டிசம்பர் 31 முதல் அதற்கு இந்தியாவில் தடை.

இமிடாகுளோப்ரிட் மெதுவாகத்தான் கொல்லும். அது கரையானை விரட்டாது. மருந்து இருப்பது தெரியாமல் கரையான் அந்த மண்ணில் நடந்து, மேலே ஒட்டியதைக் கூட்டத்தில் மற்றவற்றுக்கும் கொடுக்கும். ஆகவே மறுநாளே இன்னும் நடமாட்டம் இருக்கிறதே என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மாடி ஃப்ளாட்டில் இருப்பவர்களிடம் நடப்பது இதைவிட மோசம். இரண்டாவது மாடித் தரையில் ஓட்டை போட்டு மருந்து ஊற்ற அங்கே மண் ஏது? கீழ்வீட்டு சீலிங்கில் கறைதான் மிஞ்சும். மேல்மாடிக்குக் கரையான் வந்தால் தரைத்தளத்தில் சுவரோரமும், குழாய் ஏறும் டக்ட்டின் அடியிலும்தான் வேலை. மரத்துக்குத் தனியாக, 150 மி.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. ஓட்டை, கீழ்நோக்கிச் சாய்வாக. அதில் எண்ணெயில் கலந்த மருந்து. கொட்டேஷனில் நிலை, கதவு, வார்ட்ரோப் என்று பெயர் சொல்லி எழுதி வாங்காவிட்டால் வாரண்டி சீட்டு வெறும் காகிதம்தான்.

பணம் கொடுக்கும் முன் கம்பெனியின் லைசென்ஸைக் கேளுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டப்படி இந்தத் தொழிலுக்கு அது கட்டாயம். பாட்டில் சீலை உங்கள் முன்னால்தான் உடைக்க வேண்டும், காலி பாட்டிலில் வேறெதையோ ஊற்றிக் கொண்டு வருவதும் உண்டு. லேபிளில் பதிவு எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் போட்டோ எடுங்கள். பில்லில் மருந்தின் பெயர், சதவீதம், பேட்ச் எண், மொத்தக் கலவை எத்தனை லிட்டர், எத்தனை ஓட்டை என்று எழுதச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிப்பவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், ஓட்டையில் கம்பி விட்டு ஆழத்தை அளவு டேப்போடு வீடியோ எடுத்துவிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

மறுபடி மருந்து ஊற்றும்போது வீட்டையொட்டிக் கிணறு இருந்தால் அந்தச் சுவர்ப்பக்கம் ஊற்றவே விடாதீர்கள். ஆழ்துளைக் கிணறு இருந்தால் அதையும் ஆட்களிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.