எந்திரத்தின் முன்னால் டிராயிங்: காகிதம், வாட்ஸ்அப், கிளவுட்… எது கைகொடுக்கும்?

தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கம் க.க.சாவடி, எட்டிமடை, மதுக்கரை. அந்தப் பக்கம் கஞ்சிக்கோடு. நடுவில் ஓடும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வார்ப்புகளும் கடைசல் முடிந்த பாகங்களும் நாள் முழுக்கப் போய் வருகின்றன. கோவையில் வரைகிற வால்வு பாகம் கஞ்சிக்கோட்டு ஷெட்டில் உருவாகிறது. அங்கே எந்திரத்தை ஓட்டுகிறவர் வேலந்தாவளத்திலிருந்தோ கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ பைக்கில் வந்து இறங்கும் தமிழ்ப் பிள்ளையாக இருப்பார். வரைகிற இடத்தில் கோப்புகள் எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டன. எந்திரத்தின் முன்னால் நிற்பவர் கையில் மட்டும் இன்னும் ஓரம் கிழிந்த, கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) ஊறிய டிராயிங் ஜெராக்ஸ்தான்.

இந்த இடைவெளியை அடைக்கப் பல வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. டிசைன் ஆபீசுக்கு எது வசதி, முதலாளிக்கு எது மலிவு என்றே பெரும்பாலும் அவற்றை எடைபோடுகிறார்கள். நான் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். ஜாப் கார்டு (செய்ய வேண்டிய வேலைக்கான சீட்டு) வந்ததும், எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு நிற்கும் ஆபரேட்டர், யாரையும் தொலைபேசியில் கூப்பிடாமல், கடைசியாக ஒப்புதல் பெற்ற ரிவிஷனை (டிராயிங்கின் திருத்திய பதிப்பை) அரை நிமிடத்துக்குள் கண்முன் கொண்டுவர முடிகிறதா?

இந்த அரை நிமிடம் ஏன் முக்கியம் என்பதை, ஷாஃப்ட் (தண்டு) நுழையும் உருளை வளையமான ஒரு புஷ்ஷை வைத்துச் சொல்கிறேன். அதன் போர், அதாவது உள்துளை, 25 மி.மீ. ரிவிஷன் ஏ-யில் அதன் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) எச்8 என்று இருக்கிறது. அதாவது 25.000 முதல் 25.033 வரை போகலாம். ஷாஃப்ட் ஆடுகிறது என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருகிறது. ரிவிஷன் பி-யில் அதை எச்7 ஆக்குகிறார்கள். உச்சவரம்பு 25.021 ஆகிவிடுகிறது. தாளில் மாறியது ஒரே ஓர் எண். இரவு ஷிப்டில் போர் கேஜ் 25.028 காட்டினால், பழைய டிராயிங் வைத்திருப்பவர் சரியான பாகம் என்று நம்பித் தட்டில் அடுக்கிக்கொண்டே போவார். காலையில் இன்ஸ்பெக்ஷன் அத்தனையையும் ஒதுக்கிவிடும். வெட்டி எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆபரேட்டர் தனக்குக் கொடுத்த டிராயிங்படி ஒரு குறையும் இல்லாமல்தான் வேலை செய்திருக்கிறார். ஆனால் ஏச்சு விழுவது அவருக்கு. இந்த அநியாயம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

முதலில் காகிதம். அதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் எந்திரத்தின் முன்னால் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். ஏ3 தாளில் மொத்தப் பாகமும் ஒரே பார்வையில் தெரியும். முடித்த அளவுகளைப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போகலாம். மின்சாரம் போனாலும் தாள் அணைந்துவிடாது. அதன் ஒரே பலவீனம், கொடுத்த தாளைத் திரும்ப வாங்க முடியாமல் போவது. டூல் டிராயரின் அடியில், பலகையில், பழைய ஆபரேட்டரின் கோப்பில் என்று ரிவிஷன் ஏ எங்கெங்கோ உயிரோடு இருக்கும். ஒவ்வொரு ஜாபுக்கும் புதிதாக அச்சிட்டு, தேதி முத்திரை குத்தி, ஜாப் முடிந்ததும் கார்டோடு திரும்ப வாங்கிக் கிழித்துப்போடும் ஒழுங்கு உங்கள் பட்டறையில் இருந்தால், காகிதத்தை விட்டு ஓட வேண்டிய அவசரம் இல்லை.

அடுத்தது வாட்ஸ்அப். செலவு கிடையாது, யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் எல்லையின் இரு பக்கமும் பாதிப் பட்டறைகள் அதில் ஓடுகின்றன. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. டிராயிங்கைப் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடுகிறது. பெரிய அளவுகள் தெரியும். பொடி எழுத்தில் இருக்கும் டாலரன்ஸில்தான் 6-க்கும் 8-க்கும் வித்தியாசம் மங்கிப்போகும். ஆவணமாக அனுப்பினால் மங்காது, உண்மைதான். ஆனால் எது கடைசி ரிவிஷன் என்பதை அது சொல்லாது. குழுவில் பொங்கல் வாழ்த்துக்கும் லீவு கேட்ட செய்திக்கும் நடுவே மேலே தள்ளித் தள்ளித் தேடி, முதலில் கண்ணில் படுகிற பி.டி.எஃப்-ஐத் திறப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், வாடிக்கையாளரின் டிராயிங் ஒவ்வொருவரின் சொந்தக் கைபேசியிலும் தங்கிவிடுவது. ஆள் வேலையை விட்டுப் போகும்போது அதுவும் கூடவே போகிறது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட முதலாளி இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கூகுள் டிரைவ் போன்ற பொதுவான கிளவுட் கிடங்கு. பத்து எந்திரங்களுக்குள் இருக்கும் பட்டறைக்கு நான் இதைத்தான் சொல்வேன். 15 ஜி.பி. இடம் இலவசம். மின்னஞ்சலும் புகைப்படங்களும் அதே கணக்கில் சேரும் என்றாலும், பி.டி.எஃப் டிராயிங்குகளுக்கு இது தாராளம். சூட்சுமம் அதை அமைக்கும் முறையில் இருக்கிறது. டிசைன் ஆபீசின் வேலைக் கோப்புறையை அப்படியே ஆபரேட்டருக்குத் திறந்துவிட்டால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘புது ஃபைனல்’ என்று ஒரு காட்டுக்குள் அவரைத் தள்ளிவிட்டதாக ஆகும். ஒப்புதல் பெற்ற டிராயிங் மட்டும் இருக்கும் தனிக் கோப்புறை வேண்டும். அதில் ஒரு பாகத்துக்கு ஒரே கோப்புதான் இருக்க வேண்டும். பெயர் பாக எண்ணாக இருக்கட்டும்.

ரிவிஷன் மாறும்போது புதிய கோப்பாகப் போடக் கூடாது. ‘பதிப்புகளை நிர்வகி’ என்ற வசதி வழியாக அதே கோப்பின் மேல் புதியதை ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் இணைப்பு முகவரி மாறாது. அந்த முகவரியை கியூஆர் கோடாக்கி ஜாப் கார்டில் அச்சிட்டுவிட்டால், கார்டைக் காட்டியதும் திறப்பது எப்போதும் நடப்பு ரிவிஷன்தான். (டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல் கியூஆர் கோடை உருவாக்கியதே மோட்டார் வாகன உதிரிப் பாகங்களைக் கண்காணிக்கத்தான். டீக்கடைக்கு வந்தது பிற்பாடு.) ஒரு எச்சரிக்கை: மேலெழுதப்பட்ட பழைய பதிப்பை டிரைவ் 30 நாள்களுக்குப் பிறகு நீக்கிவிடலாம். தணிக்கைக்குப் பழைய ரிவிஷன் தேவைப்படும் என்பதால், அதை டிசைன் ஆபீசின் தனிக் கோப்புறையில் பத்திரப்படுத்துங்கள். ஆபரேட்டர் கண்ணில் அது படவே கூடாது.

லாகின் விஷயத்தைச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நல்ல ஏற்பாடுகள் பல கவிழ்வது இங்கேதான். இரவு பதினொன்றரைக்கு ஷிப்ட் மாறியதும் திரை கடவுச்சொல் கேட்கிறது. போட்டால், முதலாளியின் கைபேசிக்கு ஓ.டி.பி போகிறது. “அண்ணா, தூங்கிவிட்டீர்களா? ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒரு முறை கேட்பார், இரண்டு முறை கேட்பார். மூன்றாம் முறை டிராயரைத் திறந்து பழைய ஜெராக்ஸை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே பட்டறைத் திரைக்கென்று ஒரு தனிக் கணக்கு தொடங்கி, அந்த ஒரே கோப்புறையைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, ஒரு முறை லாகின் செய்து அப்படியே விட்டுவிடுங்கள். ‘இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று திறந்துவிட வேண்டாம். அந்தக் கணக்குக்கு மட்டும் அனுமதி இருந்தால், கியூஆர் கோடை யார் படமெடுத்துப் போனாலும் வெளியே டிராயிங் திறக்காது.

நான்காவது வழி, டிசைன் மென்பொருள் நிறுவனங்களே தரும் கிளவுட் பார்வையகம். ஆட்டோடெஸ்க் ஃபியூஷனில் வரைகிறவர்கள் இணைப்பு அனுப்பினால், மென்பொருள் இல்லாத ஆளும் உலாவியிலேயே முப்பரிமாண மாதிரியைத் திருப்பிப் பார்க்கலாம். 2019-இல் பி.டி.சி நிறுவனம் வாங்கிய ஆன்ஷேப் என்ற டிசைன் மென்பொருள் முழுக்க உலாவியிலேயே இயங்குவது. கைபேசிச் செயலியும் இருக்கிறது. சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் வரைகிறவர்களுக்கு இடிராயிங்ஸ் என்ற பார்வைச் செயலி இருக்கிறது. ஆனால் அதில் கோப்பை இறக்கி வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டால், பழைய பிரதி தங்கும் நோய் திரும்பி வந்துவிடும்.

முப்பரிமாணத்தின் அருமை எங்கே தெரிகிறது என்றால், வெளிநாட்டு டிராயிங் வரும்போது. பாகத்தின் தோற்றங்களைத் தாளில் அடுக்க நம் ஐ.டி.ஐ-யில் சொல்லிக்கொடுப்பது முதல் கோண முறை. அமெரிக்க டிராயிங் மூன்றாம் கோண முறையில் வரும். வலப் பக்கத் தோற்றம் எந்தப் பக்கம் வரையப்படுகிறது என்பதே இரண்டிலும் நேர்மாறு. தலைப்புக் கட்டத்தின் மூலையில் இருக்கும் சிறிய கூம்புக் குறியைக் கவனிக்காமல் விட்டால், அளவெல்லாம் துல்லியமாக இருக்கும், பாகம் மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலம் மாறியிருக்கும். மாதிரியை ஒரு முறை விரலால் சுழற்றிப் பார்த்தால் அந்தக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். சாய்வான போர்ட், உள்ளே குறுக்கிடும் துளைகள், வெட்டுத் தோற்றம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தமிழ், மலையாளம், இந்தி பேசுகிறவர்கள் ஒரே எந்திரத்தில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் கஞ்சிக்கோட்டில், ஆங்கிலக் குறிப்பைவிடச் சுழலும் உருவம் எல்லோருக்கும் எளிதாகப் புரிகிறது.

ஆனால் மாதிரியில் அளவெடுத்து ஓட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 25 எச்7 போரை மாதிரியில் அளந்தால் 25.000 என்றுதான் காட்டும். பெரும்பாலான மாதிரிகளில் டாலரன்ஸ் இருக்காது. ஏ.பி.242 வகை ஸ்டெப் கோப்பில் (மென்பொருள்களுக்கிடையே மாதிரியைப் பரிமாறும் பொதுவான கோப்பு வகை) டாலரன்ஸையும் சேர்த்து அனுப்ப முடியும் என்றாலும், எங்கள் பக்கம் வருபவை பெரும்பாலும் வெறும் உருவம் மட்டும் உள்ள கோப்புகள். மாதிரி, புரிந்துகொள்வதற்கு. அளவுக்கு பி.டி.எஃப் டிராயிங்தான்.

பணக் கணக்கும் இருக்கிறது. ஆளுக்கொரு உரிமம் என்று விற்கிற திட்டம், ஒரே திரையை மூன்று ஷிப்ட் ஆள்கள் பகிரும் பட்டறைக்குப் பொருந்தாது. இலவசத் திட்டத்தில் சமாளிக்கலாம் என்றால், ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் போடும் கோப்புகள் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும். ஃபியூஷனின் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கானது, தொழிலுக்கு அல்ல. வாடிக்கையாளரின் டிராயிங்கை வைத்துக்கொண்டு இந்த இரண்டிலும் இறங்கக் கூடாது. டிசைன் ஆபீஸ் ஏற்கெனவே கட்டணத் திட்டத்தில் இருந்தால், பார்வைக்கு மட்டும் இணைப்பு கொடுத்து அதையும் ஜாப் கார்டில் இரண்டாவது கியூஆராகப் போடுவது நல்ல வழி.

ஐந்தாவது, பட்டறைக்குள்ளேயே ஒரு சிறிய சர்வர். கிளவுடில் இருப்பதை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொண்டு, உள் நெட்வொர்க்கில் எல்லாத் திரைகளுக்கும் கொடுக்கும். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் திணறும் ஷெட்டுகளுக்கு இது வரப்பிரசாதம். இணையம் அறுந்தாலும் வேலை நிற்காது. எந்திரத்தை இயக்கும் புரோகிராம்களையும் இதிலிருந்தே அனுப்பலாம். எந்திரங்களின் பழைய கன்ட்ரோலர்களில் ஆர்.எஸ்.232 என்ற வேகம் குறைந்த கேபிள்தான் இருக்கும். 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் 2 எம்.பி. புரோகிராம் ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நீளமான புரோகிராம் தேவைப்படும் மோல்டு (அச்சு) வேலை செய்கிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். சர்வரைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும், அதுதான் இதன் பாரம். கடைசியாக எப்போது கிளவுடோடு ஒத்திசைந்தது என்ற நேரம் திரையில் தெரியாவிட்டால், இதுவும் ஒரு பெரிய டிராயராக மாறிவிடும். இருபது முப்பது எந்திரம் உள்ள இடங்களுக்கு இதுவே சரி. நாலைந்து எந்திரத்துக்கு, ரூட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ்ஸும், அந்த வாரத்து ஜாபுகளை ஆஃப்லைனில் சேமித்துவைத்த டேப்லெட்டும் போதும்.

திரை விஷயத்தில் பலர் பத்து அங்குல டேப்லெட்டை வாங்கிவிட்டு அவதிப்படுகிறார்கள். அதன் பரப்பு ஏ3 தாளில் கால் பங்குதான் வரும். ஒவ்வோர் அளவுக்கும் பெரிதாக்கி, நகர்த்தி, எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 531 மி.மீ., உயரம் 299 மி.மீ. ஏ3 தாள் 420-க்கு 297. முழு டிராயிங்கும் அசல் அளவிலேயே அடங்கிவிடும். இரண்டு எந்திரங்களுக்கு நடுவே, கூலன்ட் தெறிக்காத உயரத்தில் ஒரு மானிட்டர், பின்னால் ஒரு பழைய கணினி, மேசையில் ஒரு ஸ்கேனர். எண்ணெய்க் கையால் திரையைத் தொட வேண்டியதே இல்லை. கார்டைக் காட்டினால் போதும். டேப்லெட்டை செட்டிங் நேரத்தில் மாதிரியைச் சுழற்றிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்கள் ஒப்பிடாமலே விட்டுவிடும் ஒரு விஷயம், ஆபரேட்டர் திருப்பிச் சொல்வதற்கு வழி இருக்கிறதா என்பது. ‘இந்தச் சாம்பர் (விளிம்புச் சரிவு) போட்டால் டூல் கிளாம்பில் இடிக்கிறது’, ‘இந்த ஆழத்துக்கு டேப் (மரை வெட்டும் கருவி) இறங்காது’ என்பதெல்லாம் எந்திரத்தின் முன்னால் மட்டுமே தெரிகிற அறிவு. காகிதத்தில் அதைச் சிவப்புப் பேனாவால் எழுதிவிடுவார்கள், ஆனால் தாளோடு அதுவும் குப்பைக்குப் போகும். ஃபியூஷனிலும் ஆன்ஷேப்பிலும் மாதிரியின் மேலேயே கருத்து எழுதலாம், ஆனால் அதற்குத் தனிக் கணக்கும் ஆங்கிலத் தட்டச்சுப் பழக்கமும் தேவைப்படுவதால் இங்கே யாரும் எழுதுவதில்லை. நடைமுறையில் ஓடுகிற வழி எளிமையானது. பட்டறைக் கணக்குக்கு எழுதும் அனுமதியோடு ‘திருத்தம்’ என்று இன்னொரு கோப்புறை வையுங்கள். அச்சிட்ட தாளில் சிவப்பில் குறித்து, டேப்லெட்டில் படமெடுத்து, பாக எண்ணோடு அதில் போடட்டும். தமிழிலோ மலையாளத்திலோ குரலில் பேசிப் போட்டாலும் சரி. அந்த ஜாபின் அடுத்த கார்டை அச்சிடும் முன் டிசைன் ஆபீஸ் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்து, ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று அவருக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.