ஊன்றுகோலை வெட்டக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கடையில் தப்பாக வெட்டிக் கொடுத்த கோல் மலையில் என் காலை வாரியது. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் மலை ஏறப் போகும் நம்மவர்கள் யாருக்கும் இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவர் பிரான்சின் கிரெனோபிள் நகரில் படித்தபோது வாங்கிய பனிச்சறுக்குக் கோல்கள் ஒரு ஜோடி வீட்டில் சும்மா கிடந்தன. அலுமினியம், நல்ல உறுதி. தீவின் மிக உயர்ந்த சிகரமான பிதோன் தெ நேஜ் ஏறும்போது ஊன்றிக்கொள்ளலாம் என்று எடுத்தேன். நீளம் 120 செ.மீ., என் உயரம் 158. கோலைத் தரையில் ஊன்றிப் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும். எனக்கு 110 போதும். குறைக்க வேண்டியது வெறும் 10 செ.மீ.

தீவின் தலைநகர் சென்-தெனியில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். சுவரில் முருகன் படம். கடைக்காரர் தீவின் பேச்சுமொழியான கிரெயோல்தான் பேசினார், ஆனாலும் நம் வழி வந்தவர் என்று நம்பிவிட்டேன். 15 யூரோ என்றவர், வாங்கப் போனபோது 40 கேட்டார். ரசீதும் தரவில்லை. 25 யூரோவும் அதற்கு மேலும் ஆகும் வேலைக்கு ரசீது கொடுத்தே ஆகவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். அன்று எனக்கு அது தெரியாது.

நானும் நாத்தனாரும் 2,478 மீட்டரில் உள்ள கவெர்ன் துஃபூர் மலை விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் சிலாவோஸ் ஊர்ப் பக்கம் இறங்கினோம். இரவெல்லாம் மழை. ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், கட்டைப் படிகள் எல்லாம் வழுக்கல். பாதி வழியில் கோலைப் பாறை இடுக்கில் ஊன்றினேன். கூர்முனை அங்கேயே நின்றுவிட்டது, வெறும் குழாய் கையோடு வந்தது. வலது மணிக்கட்டு சுளுக்கி மூன்று வாரம் கரண்டிகூடப் பிடிக்க முடியவில்லை. நாத்தனார் வைத்திருந்த கோல் நடுவில் மடங்கியது. அவள் கீழே விழாதது தெய்வாதீனம்.

வீட்டில் பிரித்துப் பார்த்தோம். பனிச்சறுக்குக் கோல் அடிப்பக்கம் ஒடுங்கிக்கொண்டே போகும், கூர்முனை அந்த ஒடுக்கத்தில்தான் இறுகி நிற்கும். ஆகவே மேலே, பிடியைக் கழற்றித்தான் வெட்ட வேண்டும். கடைக்காரர் கீழே வெட்டியிருக்கிறார். அங்கே குழாய் பருமன் கூடுதல், முனை நுழையவில்லை. அதனால் முனையைக் குடைந்து, இடைவெளியில் எபாக்சிப் பசையை அப்பியிருக்கிறார். வெட்டும்போது துணிகூடச் சுற்றாமல் வைஸில் (இரும்புப் பிடிப்பான்) நெரித்திருக்கிறார். மெல்லிய குழாயில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தாலும் பாரம் ஏறும்போது அங்கேதான் மடங்கும். நாத்தனார் கோல் மடங்கியதும் அதே பள்ளத்தில்தான்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "இது பனிக்குச் செய்த கோல், நீங்கள்தான் தப்பாகப் பயன்படுத்தினீர்கள்" என்றார். எதற்கு என்று சொல்லித்தானே கொடுத்தேன்! பணம் வரவில்லை. அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கோன்சோவில் புகார் பதிந்திருக்கிறேன்.

இதில் என்ன வருத்தம் என்றால், வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது. பழைய ஜோடி ஒன்று வாங்கி நாங்களே வெட்டினோம். பிடியைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் நனைத்து, துணியால் பிடித்துத் திருகி இழுத்தோம். பைப் கட்டரால் மேல்பக்கம் 10 செ.மீ. வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, பிடியைத் திரும்பச் செருகினோம். அரைமணி நேரம் ஆகியிருக்கும். முனை தேய்ந்தால் அதையும் இப்படியே வெந்நீரில் கழற்றலாம். புதியதை ஒட்டக் சூட்டில் உருகும் குச்சிப் பசையை (ஹாட் மெல்ட்) உருக்கிப் பூசினால் போதும், நாளைக்கு மறுபடி கழற்ற வரும். எபாக்சி மட்டும் வேண்டாம். கோல் கார்பன் என்றால் நெருப்பில் காட்டவே கூடாது, உள்ளே இருக்கும் பிசின் கெட்டுவிடும்.

ஏற்கெனவே எங்காவது கொடுத்து வாங்கியிருந்தால், மலைக்குப் போகும் முன் முனையைக் கையால் திருகிப் பாருங்கள், குழாய் முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள். ஆட்டமோ பள்ளமோ தெரிந்தால் அந்தக் கோலை எடுத்துப் போகாதீர்கள்.