கைபேசியா, கன்சோலா?

கன்சோல், அதாவது வீடியோ கேம் ஆடுவதற்கென்றே உள்ள கருவி. அதில் ஒரு விளையாட்டுக்கு ஒருமுறை காசு கொடுத்தால் கடைசிவரை ஆடலாம் என்பதுதான் பழைய வழக்கம். கைபேசியில் இறக்குவது இலவசம். செலவு அப்புறம், துளித்துளியாக வரும். 2009-இல் ஆப்பிள் செயலிக்குள்ளேயே வாங்கும் வசதியைத் தந்தபின் இந்த முறை வேரூன்றியது. கன்சோல் நிறுவனமான நிண்டெண்டோ 2016-இல் சூப்பர் மாரியோ ரன் என்ற கைபேசி விளையாட்டை ஒரே விலைக்கு முழுதாகத் திறந்துவிட்டுப் பார்த்தது. அடுத்த ஆண்டே ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸை இலவசமாக வெளியிட்டது.

கைபேசியால் அதிகம் அடிபட்டவை கையடக்கக் கன்சோல்கள்தான். சோனி 2019-இல் வீட்டா என்ற தன் கையடக்கக் கன்சோலின் தயாரிப்பை நிறுத்தியது.

ஐந்து நிமிடம் காத்திருக்கும்போது கைபேசி போதும், சரி. நுணுக்கமான சண்டை, நீண்ட கதை என்றால் தொடுதிரை நிஜப் பொத்தான்களுக்கு ஈடாகாது. முழு விலை கொடுத்து வாங்கும் கன்சோல் விளையாட்டுகளிலும் இப்போது அந்தத் துளித்துளி வசூல் புகுந்துவிட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.