பெங்களூர்ல மிஸ்டரி ஷாப்பர் வேலை எடுக்கப் போறீங்களா, கைக்காசு போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் ஈஜிபுரால இருக்கேன், பையன் ரெண்டாவது படிக்கிறான், அவனை ஸ்கூல்ல விட்டுட்டு வந்தா மதியம் வரைக்கும் நேரம் இருக்கே, வீட்டு வாடகைக்கு ஒரு கை குடுக்கலாமேனு தான் இந்த வேலைல சேர்ந்தேன். 14 மாசம் பண்ணேன். இன்னிக்கு தேதில அப்ரூவ் ஆகியும் காசு வராத ரிப்போர்ட் 6, அதுல 4,150 ரூபாய். அது போக இன்வேலிட்னு தள்ளினது 3, அதுல நான் கையிலருந்து போட்டது தனி. கம்பெனி பேர் கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க ப்ளீஸ், சேரும்போதே கான்ஃபிடென்ஷியாலிட்டி அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்கிட்டாங்க, கடை பேரும் சொல்லக்கூடாது. ஆனா எப்படி மாட்டினேன்னு சொல்றதுக்கு பேர் தேவையில்ல.

தெரியாதவங்களுக்கு ஒரு வரில சொல்லிடறேன். ஹோட்டல், துணிக்கடை, பேங்க், பெட்ரோல் பங்க், கார் ஷோரூம்னு எங்கயாவது சாதாரண கஸ்டமர் மாதிரி போகணும், உள்ள நுழைஞ்சு எத்தனை செகண்ட்ல வரவேற்றாங்க, நேம் பேட்ஜ் போட்டிருந்தாங்களா, டாய்லெட்ல சோப் இருந்துச்சா, பங்க்ல மீட்டர்ல ஜீரோ காட்டிட்டு போட்டாங்களானு எல்லாத்தையும் மனசுலயே வச்சிக்கிட்டு வந்து ஆன்லைன்ல ரிப்போர்ட் அடிக்கணும். அந்த பிராண்ட் ஏஜென்சிக்கு காசு குடுக்கும், ஏஜென்சி நமக்கு ஃபீஸ் குடுக்கும். சாப்பிட்டது வாங்கினதுக்கு ஒரு லிமிட் வரைக்கும் பில் காசு திரும்ப வரும். வேலை உண்மையான வேலை தான், அதுல சந்தேகமே வேணாம். பிரச்சனை எங்கன்னா, எல்லாத்துக்கும் முதல்ல காசு போடறது நாம, கடைசில வாங்கறதும் நாம.

முதல் நாலஞ்சு மாசம் நல்லா தான் போச்சு. 200, 300 ஃபீஸ்ல பங்க், மொபைல் கடைனு சின்ன சின்ன விசிட், காசு 45 நாள்ல வந்துடும். பஸ் செலவு தான் இடிக்கும். கர்நாடகால லேடீஸுக்கு பஸ் ஃப்ரீ, ஆனா என் ஆதார் இன்னும் வாணியம்பாடி அட்ரஸ்ல இருக்கு, அதனால சக்தி டிக்கெட் கிடைக்காது, காசு குடுத்து தான் போகணும். 2025 ஆரம்பத்துல பஸ் டிக்கெட் ரேட்டையும் ஏத்தினாங்க, அடுத்த மாசமே மெட்ரோல அதிகபட்ச டிக்கெட் 60லருந்து 90 ஆச்சு. ஏஜென்சி ஃபீஸ் மட்டும் அப்படியே இருந்துச்சு, ட்ராவல் தனியா தர மாட்டாங்க. கேட்டா "ஃபீஸ்லயே சேர்ந்தது மேடம்".

இப்ப அந்த ஹோட்டல் கதைக்கு வரேன், என்னை உலுக்கினது அது தான். இந்திராநகர் 100 அடி ரோட்ல ஒரு ரெஸ்டாரன்ட், சனிக்கிழமை ராத்திரி 8லருந்து 10க்குள்ள போகணும், ரெண்டு பேர், ஒரு ஸ்டார்ட்டர், ரெண்டு மெயின் கோர்ஸ், ஒரு டெஸர்ட், ஒரு ஜூஸ் கட்டாயம் ஆர்டர் பண்ணணும். பில்லுக்கு 1,500 வரைக்கும் தருவாங்க, ஃபீஸ் 300. பையனை பக்கத்து வீட்டு அக்கா கிட்ட விட்டுட்டு நானும் வீட்டுக்காரரும் போனோம். உள்ள போய் மெனு பாத்தா ரேட் எல்லாம் ஏறியிருக்கு, அவங்க சொன்ன அஞ்சு அயிட்டத்தை எது சின்னதோ அதா பாத்து எடுத்தாலும் 1,620 வருது. அதுமேல 10 பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ் 162, அதுக்கும் சேர்த்து 5 பர்சன்ட் ஜிஎஸ்டி, மொத்தம் 1,871. சர்வீஸ் சார்ஜை பில்லுல தானா சேர்க்கக்கூடாதுனு 2022லயே கன்ஸ்யூமர் அத்தாரிட்டி சொல்லியாச்சு, டெல்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்ல அது சரிதான்னு தீர்ப்பு குடுத்துச்சு. வேற நாளா இருந்தா எடுங்கனு சொல்லிருப்பேன். ஆனா ப்ரீஃப்ல, அதாவது விசிட்ல என்ன பண்ணணும்னு ஏஜென்சி எழுதிக் குடுக்கறதுல, தெளிவா போட்டிருக்கான், பில் விஷயத்துல வாக்குவாதம் பண்ணக்கூடாது, யார் கண்ணுலயும் படற மாதிரி நடந்துக்கக்கூடாதுனு. அதனால வாயை மூடிக்கிட்டு கட்டினேன். கணக்கு போட்டு பாருங்க, முழுசா காசு வந்தாக்கூட 1,800, என் கையிலருந்து 71 ரூபாய் கூடுதல், ஆட்டோ தனி.

எங்க டேபிளுக்கு வந்த தம்பி நாங்க பேசறதை கேட்டுட்டு "அக்கா தமிழா"னு கேட்டான். தர்மபுரி பக்கமாம், வந்து எட்டு மாசம் ஆச்சாம். செம கூட்டம், அவன் ஒருத்தனே ஏழு டேபிள் பாக்கறான். நாங்க போனது 8:12, ஸ்டார்ட்டர் 8:37, மெயின் கோர்ஸ் 9 மணிக்கு பக்கம், டெஸர்ட்டை அவனா வந்து கேட்கல, நானே கூப்பிட்டு சொன்னேன், அது வர 9:50 ஆயிடுச்சு, பில் கைக்கு வந்தப்ப 10:03. ரிப்போர்ட்ல 94 கேள்வி. டெஸர்ட் எடுத்துக்கறீங்களானு ஸ்டாஃப் கேட்டாரா, ஆமா இல்ல. இல்லனு தான் போடணும், போட்டேன். அவன் ஒத்தையா ஏழு டேபிள் ஓடினதை எழுத கமென்ட் பாக்ஸ்ல இடம் இருந்துச்சு, அங்க நாலு வரி எழுதினேன், சர்வ் பண்ணவர் மேல தப்பு இல்ல, ஆள் பத்தலனு. நேம் பேட்ஜ் போட்டிருக்கல, அதையும் அப்படியே எழுதினேன். 12 மணி நேரத்துக்குள்ள சப்மிட் பண்ணணும்னு ரூல், பையன் தூங்கினப்புறம் உக்காந்து இங்கிலீஷ்ல 300 வார்த்தைக்கு மேல அடிச்சு, பில் ஃபோட்டோ, சாப்பாடு ஃபோட்டோ, ஜிபிஎஸ் ஸ்டாம்ப் எல்லாம் ஏத்தி முடிக்கறப்ப ராத்திரி ஒன்றரை.

ஒன்பது நாள் கழிச்சு ஸ்டேட்டஸ் இன்வேலிட். காரணம் என்னன்னா பில் டைம் விசிட் நேரத்துக்கு வெளிய இருக்காம். மூணு நிமிஷம்! நான் உள்ள போனது 8:12க்கு, பில் லேட்டானது அந்த ஹோட்டல் லேட் பண்ணதால, அதை கண்டுபிடிக்கத்தானே என்னை அனுப்பினீங்கனு மெயில் போட்டேன். டெஸர்ட்டுக்கு எவ்ளோ நேரம் ஆச்சுனு 61வது கேள்வியே இருக்கு, அதுக்கு நான் பதில் எழுதிருக்கேன். ஒரே வரில பதில் வந்துச்சு, "கைட்லைன் ஃபாலோ பண்ணல, ரீஇம்பர்ஸ்மென்ட் கிடையாது". 1,871 போச்சு. எங்க வீட்ல அது ஒரு வாரத்து மளிகை.

சரி நம்ம தலையெழுத்துனு விட்டுட்டேன். ஆனா 12 நாள் கழிச்சு அதே ஏஜென்சில எடிட்டர்னு ஒரு மேடம் ஃபோன் பண்றாங்க, அந்த இந்திராநகர் விசிட்ல சர்வ் பண்ண பையன் பேர் என்ன, ஆள் எப்படி இருப்பான், க்ளையன்ட் கேக்கறாங்கனு. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே புரியல. தள்ளிட்டேன்னு சொன்ன ரிப்போர்ட்ல க்ளையன்ட்டுக்கு என்ன கேள்வி? அப்ப அந்த ரிப்போர்ட் அவங்க கைக்கு போயிருக்கு, நான் ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் உக்காந்து அடிச்சதை அவங்க படிச்சிருக்காங்க, அதுக்கு எனக்கு பத்து பைசா வரல. மேடம் முதல்ல என் ரிப்போர்ட் வேலிடா இன்வேலிடானு சொல்லுங்கனு கேட்டேன். "அது பேமென்ட் டீம், எனக்கு தெரியாது". அந்த தம்பி பேர் எனக்கு தெரியும், கிளம்பறப்ப அவனே சொன்னான். நான் சொல்லல. பேட்ஜ் இல்ல, ரிப்போர்ட்ல எழுதினது தான்னு சொல்லிட்டு ஃபோனை வச்சிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் தூக்கமே வரல, நான் எழுதின நாலு வரியை விட்டுட்டு அந்த "இல்ல"ங்கற ஒரு டிக்கை மட்டும் பாத்து அவனை ஏதாவது பண்ணிடுவாங்களோனு. இந்த வேலைல இதுவும் இருக்கு, யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. கார் ஷோரூம் விசிட்டும் இதே மாதிரி, வாங்கற எண்ணமே இல்லாம டெஸ்ட் டிரைவ் போய்ட்டு வந்தா அந்த சேல்ஸ் பையன் மூணு வாரம் டெய்லி ஃபோன் பண்ணுவான், அவனுக்கு டார்கெட், நாம பொய் மேல பொய் சொல்லணும்.

வைட்ஃபீல்ட் மால் விசிட்டையும் சொல்லிடறேன், ஏன்னா இதுல தான் நிறைய பேர் மாட்டறாங்க. வாங்கிட்டு ரெண்டு நாள்ல ரிட்டர்ன் பண்ணணும், ரிட்டர்ன் எப்படி ஹேண்டில் பண்றாங்கனு பாக்கறது. 2,399க்கு ஹேண்ட்பேக் வாங்கினேன். திருப்பி குடுக்க போனா பில்லுக்கு பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருக்கு, காசு கிடையாது, க்ரெடிட் நோட் தான்னு. ஸ்கெட்யூலருக்கு, அதாவது விசிட் பிரிச்சுக் குடுக்கற ஏஜென்சி ஆளுக்கு, ஃபோன் அடிச்சா எடுக்கல, க்ரெடிட் நோட் வாங்கிட்டு வந்தேன். ஏஜென்சி சொல்லுது, ப்ரீஃப்ல ரீஃபண்ட்னு தான் இருக்கு, நீங்க ரீஃபண்ட் வாங்கல, அதனால இன்வேலிட். கடை குடுக்க மாட்டேன்னா நான் என்ன பண்ண முடியும். கடைசில அந்த க்ரெடிட் நோட்டை அங்கயே பையனுக்கு துணி எடுத்து கழிச்சேன், எங்களுக்கு தேவையே இல்லாத ரேட்ல.

டிடிஎஸ், அதாவது காசு தரும்போதே பிடிச்சுக்கற வருமான வரி, அந்த விஷயம் கட்டாயம் பாருங்க. எனக்கு வந்த ஃபீஸ்ல எல்லாம் 10 பர்சன்ட் பிடிச்சிட்டு தான் போட்டாங்க. புரொஃபஷனல் ஃபீஸ்னா ஒரு வருஷத்துக்கு 30,000 தாண்டினா தான் பிடிக்கணும், 2025 ஏப்ரல்லருந்து அது 50,000. நான் அந்த வருஷம் வாங்கினது 23,000 கூட வரல. பிடிச்சதாவது என் பேர்ல கட்டிருக்காங்களானு இன்கம்டாக்ஸ் சைட்ல 26ஏஎஸ்னு நம்ம பேர்ல கட்டின வரியோட லிஸ்ட் இருக்கும், அதை எடுத்து பாத்தா ஒரு என்ட்ரி கூட இல்ல. கட்டியிருந்தா ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கலாம், இதுல அதுவும் முடியாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 26ஏஎஸ் பாத்துடுங்க, வருஷக் கடைசி வரைக்கும் விடாதீங்க.

எங்க ஏரியால ஒரு வக்கீல் அண்ணா கிட்ட போய் கன்ஸ்யூமர் கோர்ட்ல போடலாமானு கேட்டேன். "நீ கன்ஸ்யூமர் இல்லம்மா, நீ சர்வீஸ் குடுத்தவ, அங்க எடுக்க மாட்டாங்க"னு சொல்லிட்டார். லேபர் பக்கமும் கஷ்டம், அக்ரிமென்ட்ல இண்டிபெண்டன்ட் கான்ட்ராக்டர்னு போட்டிருக்கு. அவர் ஒரு வழி சொன்னார், உத்யம்னு சின்ன தொழில் பண்றவங்களுக்கான கவர்மென்ட் ரெஜிஸ்ட்ரேஷன் இருந்திருந்தா எம்எஸ்எம்இ (சிறு தொழில்) சட்டத்துல 45 நாளுக்கு மேல காசை நிறுத்தினா வட்டியோட கேட்டு ஆன்லைன்ல கம்ப்ளெயின்ட் போட்டிருக்கலாமாம், ஆனா வேலை பண்றதுக்கு முன்னாடியே ரெஜிஸ்டர் பண்ணிருக்கணும். அது ஃப்ரீ, ஆதாரும் பானும் போதும். எனக்கு அப்ப தெரியாது. நீங்க இந்த வேலைக்கு போறதா இருந்தா முதல் விசிட்டுக்கு முன்னாடியே அதைப் பண்ணிடுங்க. அப்புறம் ஸ்கெட்யூலர் ஃபோன்ல என்ன சொன்னாலும் "இதை மெயில்ல போடுங்க"னு சொல்லுங்க, பில் டைம் லேட்டானா என்ன, லிமிட் தாண்டினா என்ன, ரிட்டர்ன் எடுக்கலன்னா என்னனு எழுத்துல வாங்காம 500 ரூபாய்க்கு மேல கைக்காசு போடாதீங்க. ப்ரீஃபை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, விசிட் முடிஞ்சதும் போர்ட்டல்லருந்து அதை தூக்கிடறாங்க, என் கிட்ட அந்த ஹோட்டல் ப்ரீஃப் இப்ப இல்ல.

இதே பேர்ல சுத்தற ஃப்ராடு வேற இருக்கு. எங்க கீழ் வீட்டு அக்காவுக்கு டெலிகிராம்ல மிஸ்டரி ஷாப்பர் வேலைனு வந்துச்சு, மூணு ஹோட்டலுக்கு ரிவ்யூ போட்டா 150னு சொல்லி நெஜமாவே 150 போட்டாங்க, அடுத்த நாள் "ப்ரீபெய்ட் டாஸ்க்"னு 2,000, அப்புறம் 8,000, காசை எடுக்கணும்னா இன்னும் கட்டுனு போய்ட்டே இருந்துச்சு. உண்மையான ஏஜென்சி எவனும் சேர ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேக்க மாட்டான், டெபாசிட் கேக்க மாட்டான். அப்படி காசு போயிடுச்சுனா அந்த நிமிஷமே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் அடிங்க, சைபர் க்ரைம் போர்ட்டல்லயும் போடுங்க. அந்த அக்கா வெக்கப்பட்டுக்கிட்டு வீட்ல சொல்லாம நாலு நாள் விட்டாங்க, அதுக்குள்ள அந்த அக்கவுன்ட்ல ஒண்ணுமில்ல.

என் ஏஜென்சிக்கு ரிப்போர்ட் நம்பர், அப்ரூவ் ஆன தேதி, தொகைனு எல்லாம் போட்டு நாலு மெயில் அனுப்பிட்டேன், நாலுக்கும் ஆட்டோ ரிப்ளை. போன வாரம் அதே ஸ்கெட்யூலர் வாட்ஸப்ல வரார், ஜெயநகர் 4வது ப்ளாக்ல நகைக்கடை விசிட், அர்ஜென்ட், ஃபீஸ் 600, நீங்க தான் நம்ம பெஸ்ட் ஷாப்பர்னு. பழைய 4,150 போட்டுட்டு, அந்த ஹோட்டல் ரிப்போர்ட் க்ளையன்ட்டுக்கு போச்சா இல்லையானு மெயில்ல எழுதிக் குடுங்க, நாளைக்கே போறேன்னு பதில் போட்டேன். ப்ளூ டிக் விழுந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.